காலையில், சாப்பாட்டுக்குப் பின்

1. திறக்காத வயிறு

ரோசலினை நான் முதன்முதலில் பார்த்தபோது அவளுடைய வயிற்றைத் திறப்பதற்கு எல்லாம் ஆயத்தமாக இருந்தது. ஒப்பரேஷன் தியேட்டருக்குச் சொல்லியாகிவிட்டது. இரத்தம் கேட்டு பிளட் பாங்குக்குச் சீட்டும் போய்விட்டது. கணவன் அன்ரன் சம்மதப் பத்திரத்தில் கையெழுத்து வைத்துவிட்டு, எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு வார்ட் வாசலில் நின்றான். அவன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன். வேலையிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தான்.

அவளுக்கு இருபத்தெட்டு வயது. கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் டைப்பிஸ்ட். கொட்டாஞ்சேனையில் லிப்ட் இல்லாத ஒரு தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் வீடு. கட்டிலில் முழங்கால்களை வயிற்றோடு மடக்கிச் சுருண்டு கிடந்தாள். கைபட்டாலே கத்தினாள். இரண்டு நாளாக வாந்தி, காய்ச்சல்.

நான் அப்போது சத்திர சிகிச்சை வார்ட்டில் பதினொரு வருடம் முடித்த நேர்ஸ். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். கொழும்பில் பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு நடுவே ஒரு சின்ன ஆஸ்பத்திரி; வயிறு, எலும்பு எல்லாம் ஒரே வார்ட்டுக்குத்தான் வரும். எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற நினைப்பு அந்த வயதில் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. டொக்டர் வந்து பார்ப்பதற்கு முன்னரே அப்பென்டிக்ஸ் வெடித்துவிட்டது என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அன்ரனிடம் சொல்லியும் விட்டேன்.

எங்கள் சேர்ஜன் சிங்களவர். வார்ட்டில் பழகிய தமிழ் அவருக்கு நன்றாகவே ஓடும். வயிற்றை மெல்ல அழுத்திப் பார்த்தார். பிறகு வயிற்றை விட்டுவிட்டு அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு கன்னத்திலும் மூக்கின் மேலும் ஒரு சிவப்புப் படர்ந்திருந்தது. நானும் அதைக் கண்டிருந்தேன். காய்ச்சல் என்று நினைத்திருந்தேன்.

"மொகத்தில இது என்ன?" என்று கேட்டார்.

"வெயில் சேர். வெயில் பட்டா எனக்கு அப்பிடித்தான் வரும்."

"கை காலில நோவு இருக்கா?"

"விரல் மூட்டு எல்லாம் நோகும். டைப் அடிக்கிறதால எண்டு நினைச்சன்."

வாயைத் திறக்கச் சொன்னார். உள்ளே புண்கள். சிறுநீரைச் சோதித்து வரச் சொன்னார். நான் சோதித்துக் கொண்டு வந்தேன். புரதம் நிறைய இறங்கியிருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றி சட்டைப் பைக்குள் வைத்தார்.

"தியேட்டருக்கு சொல்லுங்க மிஸ், இப்ப வாணாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சேர், உள்ள வெடிச்சிருந்தா?"

"வெடிச்சிருந்தா வெட்டத்தான் வேணும். எக்ஸ்ரே எடுங்க. நான் வீட்டுக்கு போக இல்ல, இங்கதான் இருக்கன்."

எக்ஸ்ரேயில் வெடிப்புக்கு அடையாளம் எதுவும் இல்லை. பொது வைத்திய நிபுணரும் வந்து பார்த்தார். இருவரும் கட்டிலருகில் வெகுநேரம் கதைத்தார்கள். அன்றைக்குத்தான் லூபஸ் என்ற சொல் ரோசலினுடைய டிக்கெட்டில் ஏறியது. டிக்கெட் என்றால் கட்டிலில் தொங்கும் நோயாளியின் பதிவு. எங்கள் ஆஸ்பத்திரிகளில் எல்லாம் அதில்தான் எழுதப்படும். கிருமியை எதிர்த்து நிற்க வேண்டிய உடம்பின் பாதுகாப்பு, ஆள் மாறிச் சொந்த உறுப்புகளையே அடிக்கும் வருத்தம் அது. தோலை அடிக்கும், மூட்டை அடிக்கும், சிறுநீரகத்தை அடிக்கும். ரோசலினுக்குக் குடலின் இரத்தக் குழாய்களை அடித்திருந்தது. வெட்டித் திறந்திருந்தால் எடுப்பதற்கு உள்ளே ஒன்றும் இருந்திருக்காது. புண் ஆறாத ஒரு உடம்பில் நீளமாக ஒரு வெட்டு மட்டும் மிஞ்சியிருக்கும்.

ஸ்டீரொயிட் மருந்தைச் சேலைனோடு ஏற்றினோம். சேர்ஜன் சொன்னபடியே வீட்டுக்குப் போகவில்லை. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை வந்து அதே கையால் அதே இடத்தை அழுத்திப் பார்த்தார். ஏன் இப்படி என்று கேட்டேன்.

"இந்த மருந்து வயித்துக்குள்ள நெருப்ப அணைக்கும் மிஸ். ஆனா உண்மையா ஓட்டை விழுந்தாலும் நோவ காட்ட விடாது. அதுதான் பயம்."

மூன்றாம் நாள் காலை ரோசலின் எழுந்து உட்கார்ந்து, "மிஸ், தேத்தண்ணியும் பாணும் கிடைக்குமா?" என்று கேட்டாள். வயிற்றில் ஒரு கீறலும் இல்லை. சத்திர சிகிச்சை வார்ட்டில் இத்தனை வருடம் இருந்தும், வெட்டாமல் விடுவதும் ஒரு சேர்ஜனின் வேலைதான் என்பதை நான் அன்றுதான் கண்ணால் கண்டேன்.

2. சிவப்புப் பேனை

எனக்கு வார்ட்டில் ஒரு பட்டப்பெயர் இருந்தது: சிவப்புப் பேனை மிஸ். நோயாளிகளுக்கு டிக்கெட் வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது, மருந்துக் கடதாசி உறைகளில் ஆங்கிலத்தில் கிறுக்கியிருப்பதை அவர்கள் எங்கே வாசிக்கப்போகிறார்கள்? அதனால் ஒவ்வொரு உறையிலும் நானே தமிழில், சிங்களத்தில், பெரிய சிவப்பு எழுத்தில் எழுதிக் கொடுப்பேன். வேறு நேர்ஸ்மார் சிரிப்பார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

ஸ்டீரொயிட்டை இனி ப்ரெட்னிசொலோன் என்ற மாத்திரையாகப் போட வேண்டும். ரோசலினின் குளிசை உறையில், 'காலையில், சாப்பாட்டுக்குப் பின்' என்று எழுதினேன். வெறும் வயிற்றில் போட்டால் வயிறு புண்ணாகும். பின்னேரத்தில் போட்டால் நித்திரை வராது. இரண்டையும் விளக்கமாகச் சொன்னேன். தானாக நிறுத்தக் கூடாது என்பதையும் சொன்னேன். ஆனால் அதை எழுதவில்லை. உறை சின்னது. என் எழுத்துப் பெரியது. இடம் போதவில்லை.

"விளங்கினதோ?" என்று கேட்டேன்.

"ஓம் மிஸ். காலையில, சாப்பிட்டிட்டு. வெறும் வயித்தில போடவே கூடாது."

என் நோயாளிகளிலே இவள்தான் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று வருடம் ஒழுங்காகக் கிளினிக் வந்தாள். குளிசை அவளுடைய முகத்தை ஊதவைத்தது; கண்ணாடி பார்க்கவே பிடிக்கவில்லை என்பாள். ஆனால் ஒருநாளும் தவறவிட்டதில்லை. மெல்ல மெல்ல அளவைக் குறைத்துக் குறைத்துப் பத்து மில்லிகிராமுக்குக் கொண்டுவந்தார்கள். சிறுநீர் சுத்தமானது. வேலைக்குப் போனாள். நல்ல காலம் வந்துவிட்டது என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

பிறகு அவள் நொண்டத் தொடங்கினாள்.

3. உள்ளே செத்த எலும்பு

முதலில் தொடை மடிப்பில் ஒரு குத்து. பிறகு பஸ் படியில் ஏற முடியவில்லை. பிறகு கக்கூசில் குந்த முடியவில்லை. வேலையை விட்டாள். கடைசியில் அன்ரனும் கீழ் மாடியில் இருக்கும் ஒருவரும் அவளை ஒரு பிளாஸ்டிக் கதிரையில் வைத்து, மூன்று மாடியும் தூக்கி இறக்கி கிளினிக்குக் கொண்டு வந்தார்கள். முப்பத்தொரு வயதுப் பெண் அவள்.

எக்ஸ்ரேயை வெளிச்சப் பெட்டியில் மாட்டிய எலும்பு சேர்ஜன் விரலால் காட்டினார். தொடை எலும்பின் தலை உருண்டையாக இருக்க வேண்டும். ரோசலினுக்கு வலது பக்கம் அது சப்பளிந்து இடிந்து கிடந்தது. இடது பக்கமும் தொடங்கியிருந்தது. எலும்புக்குப் போகும் இரத்தம் தடைப்பட்டால் எலும்பு உள்ளேயே செத்துவிடும் என்றார். லூபஸும் அதைச் செய்யும். அதைவிடக் கூடுதலாக ஸ்டீரொயிட் செய்யும்.

"அப்ப, என்ர உயிரைக் காப்பாற்றின குளிசைதான் இதைச் செய்ததோ?" என்று ரோசலின் கேட்டாள்.

"பெரும்பாலும்," என்றார் அவர். மறைக்கத் தெரியாத மனிதர்.

அவள் அழவில்லை. என்னைத்தான் பார்த்தாள். அந்தக் குளிசையை மூன்று வருடமாகக் கையில் கொடுத்தவள் நான்.

சத்திர சிகிச்சை லூபஸை மாற்றாது. அது உடைத்ததைத் திருத்தும், அவ்வளவுதான். பின்னாளில் சிறுநீரகம் பழுதான லூபஸ் பெண்களுக்கு, இரத்தம் சுத்திகரிப்பதற்காகக் கையில் நாடியையும் நாளத்தையும் இணைத்துத் தைப்பதைப் பார்த்திருக்கிறேன். அதுவும் இந்த வகைதான். ரோசலினுக்குச் செத்த எலும்புத் தலையை வெட்டி எடுத்துவிட்டு, உலோகத்தில் ஒரு புதுத் தலை பொருத்த வேண்டும். வருத்தம் அடங்கியிருக்கும் நேரம் பார்த்துச் செய்ய வேண்டும். அவளுக்கு அப்போது அடங்கியிருந்தது. நாள் குறித்தார்கள். அந்த நாளைத் தவறவிட்டால் மறுபடி எப்போது அடங்கும் என்று ஒருவராலும் சொல்ல முடியாது.

4. நான் சொன்ன ஒருசந்தி

கிளினிக் முடிந்து, அன்ரன் கதிரை தூக்க ஆள் தேடிப் போயிருந்தான். ரோசலின் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மிஸ், எனக்குப் பயமாயிருக்கு. மயக்க மருந்து தந்தா எழும்புவனோ?"

"ஏன் எழும்பாம? நான் வார்ட்டிலதானே நிக்கப்போறன்."

"மிஸ்ஸும் நம்மட ஆக்கள்தானே. ஏதாவது சொல்லுங்கோ."

நம்மட ஆக்கள் என்றால் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர். எங்கள் வீட்டில் எது நடப்பதற்கு முன்னும், அண்ணனின் சோதனை என்றாலும் தங்கையின் பிரசவம் என்றாலும், அந்தோனியாருக்கு ஒன்பது நாள் நவநாள் இருப்போம். ஒன்பது நாளும் ஒருசந்தி, அதாவது பகல் முழுக்கச் சாப்பிடாமல் பின்னேரம் ஒரு வேளை மட்டும் சாப்பாடு. எனக்கு அது மூச்சு விடுவதைப் போல. யோசிக்காமலே வாயில் வந்தது.

"ஒப்பரேஷனுக்கு முன்னம் ஒன்பது நாள் ஒருசந்தி பிடிச்சு, அந்தோனியாரிட்டக் கேளுங்கோ. எல்லாம் நல்லபடி நடக்கும்."

அவளுடைய முகம் தெளிந்ததைக் கண்டு எனக்கும் சந்தோஷம். நல்ல காரியம் ஒன்று செய்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டேன்.

5. எழுபதுக்கு நாற்பது

சத்திர சிகிச்சைக்கு முதல் நாள் பின்னேரம் அவளை வார்ட்டில் சேர்த்தோம். சோர்ந்துபோயிருந்தாள். தலை சுற்றுகிறது என்றாள். இரண்டு தரம் வாந்தி எடுத்தாள். பிரஷர் தொண்ணூறுக்கு அறுபது.

"ஒருசந்தியல்லோ, வெறும் வயிறு. பயமும் சேர்ந்திட்டுது," என்று நானே அவளுக்கு விளக்கம் சொன்னேன். அவளும் சிரித்தாள்.

டிக்கெட்டில், வழக்கமாக எடுக்கும் மருந்துகள் என்ற இடத்தில் ப்ரெட்னிசொலோன் பத்து மில்லிகிராம், தினமும் காலையில் என்று எழுதி, எடுக்கிறார் என்பதற்கு டிக் போட்டேன். அவளிடம் கேட்கவில்லை. எனக்குத் தெரியாதா? உறையில் எழுதியவளே நான்தானே.

மறுநாள் காலை தியேட்டருக்கு முன்னால் உள்ள அறைக்கு அவளை ட்ரொலியில் தள்ளிக்கொண்டு போனேன். மயக்க மருந்து நிபுணர் அங்கே நின்றார். வெள்ளவத்தையில் இருந்து வருகிற யாழ்ப்பாணத்துப் பெண். நாங்கள் மெடம் என்போம். அதிகம் கதைக்க மாட்டார். ஸ்டீரொயிட் எடுப்பவர்களுக்குச் சத்திர சிகிச்சை அன்று கூடுதலாகக் கொடுக்க வேண்டிய ஹைட்ரோகோர்ட்டிசோன் ஊசியை எடுத்து வைத்திருந்தார். மயக்கம் கொடுக்கும்போது போடுவதற்காக.

பிரஷர் பட்டையைச் சுற்றினார். காற்றை அடித்தார். இறக்கினார். மறுபடி அடித்தார்.

"எழுபதுக்கு நாற்பது," என்றார். "மிஸ், இவவுக்குக் கடைசியா எப்ப பிரஷர் பார்த்தனீங்கள்?"

நான் குனிந்து ரோசலினைப் பார்த்தேன். உதடு சாம்பல் நிறம். கை ஐஸ். நெற்றி வியர்த்து ஓடியது. கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. ஒரு நிமிடத்துக்கு முன் லிப்டில் என்னோடு கதைத்தவள். அத்தனை வருட வேலையில் மரணம் பார்த்திருக்கிறேன். ஆனால் கத்தி படாமல், ஊசி போடாமல், வெறும் ட்ரொலியில் படுத்திருக்கும் ஒருத்தி இப்படி என் கண் முன்னால் வடிந்து போவதை நான் பார்த்ததில்லை.

மெடம் பதறவில்லை. இரண்டு கையிலும் சேலைன் ஓடவைத்தார். இரத்தச் சீனியைப் பார்த்தார். மிகக் குறைவு. குளுக்கோஸ் ஏற்றினார். பிறகு ரோசலினின் காதருகில் குனிந்து சத்தமாகக் கேட்டார்.

"ரோசலின்! அந்தச் சின்ன வெள்ளைக் குளிசை, கடைசியா எப்ப போட்டனீங்கள்?"

நான் முந்திக்கொண்டேன்.

"அவ தினமும் போடுறவ மெடம், டிக்கெட்டில இருக்கு," என்றேன் நான்.

மெடம் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மறுபடி அதே கேள்வியைக் கேட்டார். ரோசலினின் உதடு அசைந்தது. குனிந்து கேட்டோம்.

"போடேல்ல... ஒருசந்தி... வெறும் வயித்தில போடக்கூடாது..."

"பின்னேரம் சாப்பிட்டனீங்கள்தானே?"

"காலையில எண்டு... மிஸ் எழுதியிருக்கிறா."

மெடம் தயாராக இருந்த ஹைட்ரோகோர்ட்டிசோன் ஊசியை எடுத்து, அந்த இடத்திலேயே நாளத்துக்குள் போட்டார். சத்திர சிகிச்சை இல்லை என்று உள்ளே சொல்லி அனுப்பினார். நான் சேலைன் போத்தலைக் கையால் அமுக்கிக்கொண்டு நின்றேன். என் காதுக்குள் வேறு சத்தம் ஏதும் விழவில்லை.

காலையில். சாப்பாட்டுக்குப் பின். வெறும் வயிற்றில் கூடாது. பின்னேரம் கூடாது. ஒன்பது நாள் ஒருசந்தி. ஒவ்வொன்றும் நான் சொன்னது. ஒன்றையும் அவள் மீறவில்லை. சொன்ன எல்லாவற்றையும் அச்சொட்டாகக் கேட்டு நடந்ததால் சாகக் கிடந்தாள்.

அரை மணித்தியாலத்தில் பிரஷர் தொண்ணூறுக்கு வந்தது. ஒரு மணித்தியாலத்தில் நூற்றுப்பத்து. உதட்டில் நிறம் திரும்பியது. அப்போதுதான் மெடம் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"சிறுநீரகத்துக்கு மேல ஒரு சின்னச் சுரப்பி இருக்கு," என்றார், என்னிடமும் தியேட்டர் பிள்ளைகளிடமும். "உடம்புக்கு வேண்டிய ஸ்டீரொயிட்டை அதுதான் சுரக்கிறது. மூண்டு வருசமாக் குளிசை அந்த வேலையைச் செய்தபடியா அது நித்திரைக்குப் போயிட்டுது. திடீரெண்டு குளிசையை நிப்பாட்டினா, அது எழும்பி வேலை செய்யாது. பிரஷர், சீனி எல்லாம் விழும். இதைக் கவனிக்காமல் மயக்க மருந்தும் குடுத்திருந்தா, நாங்கள் இப்ப இப்பிடி இருந்து கதைச்சுக்கொண்டிருக்க மாட்டம்."

பிறகு ரோசலின் பக்கம் திரும்பினார். "ஒருசந்தி பிடிக்கச் சொன்னது ஆர்?"

ரோசலின் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"ஒருத்தரும் சொல்லேல்ல மெடம். நானாத்தான்."

நான் வாயைத் திறக்கவில்லை.

6. யாருடைய பதில்

வெளியே அன்ரன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "மிஸ் பக்கத்தில நிண்டபடியாத்தான் தப்பிச்சவ," என்றான். அதற்கும் நான் வாயைத் திறக்கவில்லை. கோழை என்ற சொல்லுக்கு எனக்கு அன்றைக்குத்தான் அர்த்தம் தெரிந்தது.

குளிசை ஒன்பது நாள் நின்றதில் அடங்கியிருந்த லூபஸ் மறுபடி கிளம்பிவிட்டது. மூட்டுகள் வீங்கின. சிறுநீரில் புரதம் இறங்கியது. சத்திர சிகிச்சைக்கு இனி எப்போது நாள் கிடைக்கும் என்று தெரியாது. அவளை மறுபடி அதே கதிரையில் வைத்து மூன்று மாடி ஏற்றப்போகிறார்கள் என்று நினைத்தபோது என்னால் தாங்க முடியவில்லை. இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் தியேட்டரின் தேநீர் அறையில் மெடத்துக்கு முன்னால் போய் நின்றேன்.

"மெடம், ஒருசந்தி பிடிக்கச் சொன்னது நான்தான்."

அவர் கோப்பையை வைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"ஒருசந்தியோட எனக்குச் சண்டை இல்ல. நானும் கந்தசஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருக்கிறனான். என்ர தைரொயிட் குளிசையை ஒருநாளும் விட்டதில்ல." டிக்கெட்டை எடுத்து வரச் சொன்னார். எடுத்து வந்தேன். அந்த டிக்கின் மேல் விரலை வைத்தார். "எனக்கு இதுதான் விளங்கேல்ல. இதை அவவிட்டக் கேட்டிட்டோ போட்டனீங்கள்?"

"இல்ல மெடம்."

"அப்ப இது அவவின்ர பதில் இல்ல. உங்கட பதில். உங்கட பதிலை நம்பித்தான் நான் ஊசியை முன்னமே போடாம, மயக்கம் குடுக்கும்வரை காத்துக்கொண்டு நிண்டனான்."

டிக்கெட்டை மூடி என்னிடம் நீட்டினார்.

"நடந்ததை எழுதி மேட்ரனிட்டக் குடுங்கோ. எல்லாத்தையும் எழுதுங்கோ."

எழுதிக் கொடுத்தேன். மேட்ரனிடமிருந்து எழுத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது. என் சேவைக் கோப்பில் அது இருந்தது. ஓய்வு பெறும்வரை இருந்தது.

மேட்ரனைவிடக் கஷ்டம் அன்ரன். வார்ட் வராந்தாவில் வைத்துச் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அசையாமல் நின்றான்.

"மூண்டு மாடி மிஸ்," என்றான். "மூண்டு மாடி நான் தூக்கிக்கொண்டு இறங்கினனான்."

அவ்வளவுதான். அதன் பிறகு அவன் என்னோடு கதைக்கவில்லை. கிளினிக்கில் என்னைக் கண்டால் சுவரைப் பார்ப்பான். அவன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

ரோசலினிடம் மட்டும் ஒரு கேள்வி கேட்டேன். "ஏன் என்னைக் காட்டிக் குடுக்கேல்ல?"

"நீங்கள் நல்லதுக்குத்தானே மிஸ் சொன்னனீங்கள். குளிசையை விடச் சொல்லேல்லையே," என்றாள். "அதோட, உண்மையைச் சொன்னா, அந்த ஒன்பது நாளும் குளிசையை விட்டதில எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷம். இந்த முகத்தைப் பார்த்துப் பார்த்து அலுத்திட்டுது."

அதைக் கேட்டு மறுபடி திகைத்துப்போனேன். மூன்று வருடம் அவளுக்குக் குளிசை கொடுத்தேன். அந்தக் குளிசையை அவள் எவ்வளவு வெறுத்தாள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

7. இந்த முறை

லூபஸ் அடங்க மூன்று மாதம் எடுத்தது. வலது இடுப்புக்குச் சத்திர சிகிச்சை நடந்தது. மெடம் ஹைட்ரோகோர்ட்டிசோனைக் காலையிலேயே தொடங்கிவிட்டார். வெட்டி எடுத்த எலும்புத் தலையைப் பாத்திரத்தில் பார்த்தேன். தேத்தண்ணியில் ஊறிய பிஸ்கட்டைப் போல விரல் பட்ட இடத்தில் உதிர்ந்தது. இதன் மேலா அவள் நடந்துகொண்டிருந்தாள் என்று உடம்பு கூசியது. லூபஸ்காரர்களுக்கு இரத்தம் உறையும் ஆபத்துக் கூட என்பதால் அதற்கும் ஊசி போட்டோம். புண் மெல்லத்தான் ஆறும் என்பதால் தையலை வழக்கத்தைவிட ஒரு கிழமை பிந்தி வெட்டினோம். இரண்டாம் நாள் பிடித்து நிற்கவைத்தபோது, "தரை இவ்வளவு கெட்டியோ மிஸ்?" என்று கேட்டுவிட்டு, அழுதாள்.

இடது இடுப்பு ஒன்றரை வருடம் கழித்து. அதற்கு நாள் குறித்த அன்று கிளினிக்குக்கு ஊன்றுகோலோடு தானே நடந்து வந்தாள். என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, கைப்பையைத் திறந்து, அந்தப் பழைய கடதாசி உறையை எடுத்து வைத்தாள். நாலு வருடத்துக்கு மேல் மடிந்து மடிந்து கிழிந்துபோயிருந்தது. சிவப்பு எழுத்து மங்கியிருந்தது.

"மிஸ், இந்த முறை ஒருசந்தியை நீங்கள் பிடியுங்கோ. நான் வடிவாச் சாப்பிட்டிட்டுக் குளிசை போடுறன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நானும் விளையாட்டாக எடுக்கவில்லை. ஒன்பது நாளும் வார்ட்டில் பகல் வேலை செய்துகொண்டே ஒருசந்தி பிடித்தேன். ஒவ்வொரு நாள் காலையிலும் கீழ் வீட்டு டெலிபோனுக்கு எடுத்து அவளைக் கூப்பிடச் சொல்வேன். "குளிசை போடுறீங்கள்தானே?" என்று கேட்பதை விட்டுவிட்டேன். அப்படிக் கேட்டால் எல்லோரும் ஓம் என்றுதான் சொல்வார்கள். "இண்டைக்கு எத்தினை மணிக்குப் போட்டனீங்கள்? என்ன சாப்பிட்டனீங்கள்?" என்று கேட்டேன். அவள் சொல்லும்வரை பேசாமல் இருந்தேன். டிக்கெட்டில் அவள் வாயால் சொன்னதைக் கேட்ட பிறகுதான் எழுதினேன். இளம் நேர்ஸ்மாருக்கு நான் சொல்லக்கூடியது இந்த ஒன்றுதான். உங்களுக்கு எவ்வளவுதான் தெரிந்தாலும், நோயாளியின் பதிலை நீங்கள் எழுதாதீர்கள். கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள்.

அந்தக் காலை, அதே அறையில், மெடம் பட்டையைச் சுற்றிக் காற்றை அடித்தார். "நூற்றி இருபதுக்கு எண்பது," என்றார். என்னைப் பார்த்து முதல் தடவையாகச் சிரித்தார்.

மத்தியானம் தாண்டி ரோசலினை வெளியே கொண்டு வந்தோம். வாசலில் அன்ரன் நின்றான். என்னைப் பார்க்காமல் ட்ரொலியைப் பார்த்துக்கொண்டு கூடவே நடந்தான். வார்ட்டில் கட்டிலுக்கு மாற்றி, பிரஷர் பார்த்து, காலைத் தலையணையில் சரியாக வைத்தேன். ரோசலின் பாதி மயக்கத்தில் கண்ணைத் திறந்து என்னைத் தேடினாள்.

"மிஸ்... சாப்பிட்டிட்டீங்களோ?"

ஒன்பது நாள் முடிந்திருந்தது, ஆனாலும் அவள் வெளியே வரும்வரை அன்றும் நான் ஒன்றும் வாயில் வைக்கவில்லை. இல்லை என்று தலையை ஆட்டினேன்.

அன்ரன் வெளியே போனான். திரும்பி வந்தபோது கையில் ஒரு கடதாசிச் சுற்றலும் பிளேன்டீக் கோப்பையும் இருந்தன. சுற்றலுக்குள் உள்ளே மீன் வைத்த இரண்டு மாலு பணிஸ், இன்னும் சூடு ஆறவில்லை. என் மேசையில் வைத்தான்.

"சாப்பிடுங்கோ மிஸ்," என்றான். ஒன்றரை வருடத்துக்கு மேல் கழித்து அவன் என்னோடு கதைத்த முதல் வார்த்தை அது.

நோயாளியின் பக்கத்தில் சாப்பிடக் கூடாது என்பது வார்ட் ஒழுங்கு. அதை மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான். அன்றைக்கு அவளுடைய கட்டிலுக்குப் பக்கத்தில், அவர்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டையும் நின்றபடியே சாப்பிட்டு முடித்தேன்.